விலக்குப் பொத்தான்

விடியற்காலை ஐந்தரைக்கே எங்கள் கண்கள் எரியத் தொடங்கிவிடும். ஜன்னல் இல்லாத அறை. ஏசியின் உறுமல். ஆறு நாற்காலிகள், பன்னிரண்டு திரைகள். போன வருடம் பதினோரு பேர் பார்த்த வேலையை இப்போது ஆறு பேர் பார்த்தோம்.

என்ன வேலை என்று சொன்னால் வீட்டில்கூடப் புரியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் தங்கள் காரியங்களைக் கிளவுடில், அதாவது எங்கோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில், விட்டிருக்கின்றன. சொந்தமாகக் கம்ப்யூட்டர் அறை கிடையாது. தேவைப்படும்போது எங்கோ ஒரு சின்ன நிரல் விழித்துக்கொள்ளும். ஒரு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அணைந்துபோகும். அது யாருக்குக் கதவு திறக்கலாம், யாருக்குக் கூடாது என்று விதி உண்டு. விதி மீறினால் எங்கள் திரையில் சிவப்பு விழும். உடனே பார்த்து, சரிசெய்யச் சொல்லி உரியவர்களுக்கு எழுத வேண்டும். ஒரு சிவப்புக்கு நாற்பது நொடி. அதைத் தாண்டினால் மேனேஜரின் திரையில் எங்கள் பெயர் சிவக்கும். பாத்ரூம் போனாலும் சிவக்கும்.

'விலக்கு' என்று ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினால் அந்த மீறல் ரிப்போர்ட்டில் வராது. கதவு மட்டும் திறந்தே கிடக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் திரையில் ஒன்று விழுந்தது. அக்கா எங்களில் மூத்தவள். இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாளாக வளர்ப்பவள். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் நிரல் அது. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி யாரோ செட்டிங்கை மாற்றிவிட்டிருந்தார்கள். அக்கா ஸ்பீக்கரில் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், நோயாளிங்க ரிப்போர்ட் தொறந்து கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லணும்."

"இன்னிக்கு மாச ரிப்போர்ட் போகுதும்மா. நூத்துக்கு நூறு காட்டணும். இப்போதைக்கு விலக்கு போடு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அக்கா இரண்டு முறை மறுத்தாள். மூன்றாம் முறை போட்டாள்.

மறுநாள் யாரும் அதைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்குள் நானூறு பேரின் ரிப்போர்ட்டுகள் வெளியே போயிருந்தன. ஒரு தையல்காரப் பெண்ணுடையது, அவள் கைக்கு வருமுன் அவள் வேலை பார்த்த கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. கர்ப்பம் என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நியாயம் கேட்கிறாள் என்று கேள்விப்பட்டோம். என் மனைவிக்கும் அப்போது ஏழாம் மாதம்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியே எங்கள் அறைக்கு வந்தார். கையில் டைப் செய்த ஒரு காகிதம்.

"இந்த விலக்கு உன் பேர்ல இருக்கும்மா. கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடு. பிரச்சினை இல்லாம போயிடலாம்."

"அழுத்தின விரல் என்னோடதுதான் சார். அழுத்தச் சொன்ன வாய் யாரோடது?"

"எழுத்துல இருக்கா?"

எழுத்தில் இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும். நான் எழுந்தேன்.

"சார், அந்த ஃபோனை நானும் கேட்டேன்."

"நீ உன் வேலையைப் பாரு."

"என் வேலையைத்தான் சொல்றேன் சார். இந்த மாசம் நானும் முப்பத்தோரு விலக்கு போட்டிருக்கேன். எல்லாம் மேனேஜர் சொல்லித்தான்."

பக்கத்து நாற்காலியில் 'தொண்டை' இருந்தான். செருமாமல் பேசமாட்டான் என்பதால் அந்தப் பெயர். இப்போதும் செருமினான். "நான் எத்தனைன்னு எண்ணலை சார். எண்ணினா நாப்பது நொடி தாண்டிடும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு மற்ற மூவரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

முதலாளியின் முகம் இறுகியது. "ஆறு பேரையும் அனுப்பிட்டா அறுபது பேர் வருவாங்க, தெரியுமில்ல?"

"வரட்டும் சார்," என்றாள் அக்கா. "அவங்களுக்கும் இந்தப் பொத்தானைத்தானே காட்டுவீங்க."

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வரணும்." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஆளுக்கொரு வரி சொல்ல, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுத்தில் உத்தரவு இல்லாமல் இனி யாரும் விலக்கு போடமாட்டோம். இதுவரை போட்ட அத்தனையையும் இன்றே சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அக்காமேல் பழி போடக்கூடாது. பழையபடி பதினோரு பேர் வேண்டும். முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இன்னும் ஒண்ணு எழுதுப்பா. அந்தத் தையல்காரப் பொண்ணோட ரிப்போர்ட் எப்படி வெளிய போச்சுன்னு எங்க வந்து கேட்டாலும் நாங்க சாட்சி சொல்லுவோம்."

"அக்கா, அது உங்க மேலயே திரும்பும்."

"திரும்பட்டும். எழுது."

எழுதினேன். ஆறு பேரும் கையெழுத்திட்டோம்.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்தார்கள். எங்களிடம் அதிகம் பேசாதவர்கள். நாற்காலி மாறும்போது தலையசைப்பதோடு சரி. முதலில் வந்த பெண் பையை இறக்காமலே நின்றபடி மேசைமேல் இருந்த அந்தக் கடிதத்தைப் படித்தாள். திருப்பி ஒருமுறை படித்தாள். முதலாளியின் அறைக்கதவு இன்னும் சாத்தியே இருந்தது. நாளை எங்களில் யாருக்கு இந்த அறை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"எங்க ஷிஃப்ட்ல போட்ட விலக்கு இதுல இல்லையே," என்றாள் அவள். "கீழ கொஞ்சம் எடம் விடுங்க."