பிடிப்பு இறங்கிய இடங்கள்

இஸ்திரிக்காரரின் கெண்டைக்காலைப் பிடித்திருந்த பிடிப்பு, நாரத்தந்தோல் கஷாயம் குடித்த ஐந்தாவது நிமிடம் காலை விட்டு இறங்கி வாசல் கதவுக்குள் போனது. கதவு முறுக்கிக்கொண்டு மூன்று நாள் திறக்கவில்லை. தேய்த்த துணிகளை ஜன்னல் வழியாகத்தான் கொடுத்தார்கள். பிறகு அது தானாகத் தளர்ந்தது. நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவர்களின் தெரு அது. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு நொண்டிக்கொண்டு வந்தார்கள். இஸ்திரிக்காரரின் மனைவி காய்ந்த தோலைக் கொதிக்கவைத்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். வாத்தியாரின் பிடிப்பு சுவர்க்கடிகாரத்துக்குள் போய் முள்ளை மடக்கியது. கண்டக்டருடையது தண்ணீர்க் குழாயை அடைத்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். குடிக்கும்போது எதைத் தொட்டிருக்கிறார்களோ அதற்குள் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் பிடித்தது. அதன்பின் உடைந்த இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தொட்டுக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். பெட்டி அவ்வப்போது முனகும், அவ்வளவுதான். சவரக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் மறதியில் பூனையைத் தடவிக்கொண்டே குடித்துவிட்டார். பூனை சுருண்டது, சுருண்டபடியே செத்தது.

மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், இஸ்திரிக்காரரின் ஏழு வயது மகளுக்குக் காலையில் கால்விரல்கள் மடங்கின. மதியம் முழங்கால் மடங்கியது. மூன்று மணிக்கு வயிறு. டாக்டரின் ஊசி வளைந்துபோனது. அடுத்து நெஞ்சுதான் என்று எல்லாருக்கும் தெரியும். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிவந்து மகளின் பக்கத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவே மாட்டேன் என்றாள்.

"அது முனகுதும்மா. பயமா இருக்கு. உன் கையக் குடு."

தாய் கொடுத்த கையை மகள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பூனைய மறந்துட்டியா? கைய எடு" என்று கத்தினார் இஸ்திரிக்காரர்.

மனைவி எதையும் மறக்கவில்லை. "புள்ள பிடிச்ச கைய எப்படிங்க எடுக்கிறது? டம்ளரக் குடுங்க" என்றாள்.

குடித்த ஐந்தாவது நிமிடம் மகள் காலை நீட்டி, பசிக்கிறது என்றாள். தாயின் இடது கை அவள் விரல்களின் மேல் மூடிக்கொண்டது. சோப்பு போட்டுத்தான் விரல்களை உருவி எடுக்க வேண்டியிருந்தது. பிடிப்பு மேலே ஏறுமோ என்று ஒரு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஏறவில்லை, தளரவும் இல்லை. மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. முஷ்டிக்குள் ஏழு வயது விரல்கள் நுழையும் அளவுக்கு ஓர் இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. சட்டைக் காலரை மடித்து அழுத்த அந்தக் கை வசதியாகத்தான் இருக்கிறது என்கிறாள் தாய்.