பூசணிப் பாத்தியில் கத்தரிக்கோல்

பிள்ளை பெற்ற தங்கையைப் பார்த்துக்கொள்ள மனைவி ஊருக்குக் கிளம்பியபோது, கணவரிடம் வீட்டுச் சாவியைவிடப் பத்திரமாக ஒப்படைத்தது கொல்லைப்புறத்துப் பூசணிக்காயைத்தான். ராட்சசப் பூசணிப் போட்டிக்காக அவள் வளர்ப்பது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காது.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அவர் முடிதிருத்துபவர். ஒழுங்கில்லாமல் எது வளர்ந்தாலும் கை பரபரக்கும். நல்ல மழை பெய்து கொடிகளுக்கு நடுவே களை மண்டியதும் பொறுக்க முடியாமல் பாத்தியில் இறங்கிவிட்டார். ஓரத்துக் களைகள் சுலபமாக வந்தன. கொடியை ஒட்டி நின்ற தடித்த களை ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தபோது, அதோடு பின்னிக்கொண்டு பூசணிக் கொடியும் மண்ணைவிட்டு எழும்பியது. கணுவிலிருந்து இறங்கியிருந்த வெள்ளை வேர்கள் பட்பட்டென்று அறுந்தன.

அவர் சட்டென்று களையை விட்டுக் கையை எடுத்தார்.

பக்கத்து வீட்டுப் பெயின்ட் கடைக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இதுக்கு ஏன்ணே இவ்ளோ கஷ்டம்? எங்கிட்ட களைக்கொல்லி இருக்கு. ஒரு தடவ அடிச்சா மொத்தமும் காலி."

"மொத்தமும்னா?"

"மொத்தமும்தான்."

அந்தப் பதிலில் மிரண்டுபோய் மனைவிக்குப் போன் போட்டார். "களை எடுக்கப் போயி... கொடி கொஞ்சம் மேல வந்துடுச்சு."

"வீடியோவுல காட்டுங்க" என்றாள்.

காட்டினார். போனை அவசரமாக அங்கும் இங்கும் திருப்பியதில் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

"நேரா பிடிங்க. காய் இருக்கிற கொடியில இருந்து அப்படியே வாங்க... நில்லுங்க." நீளமாக மூச்சு விட்டாள். "நல்ல வேளை, இது கிளைக்கொடிங்க. காய் பிடிச்ச தாய்க்கொடி அசையல. உயிரே போயி வந்துச்சு."

"எனக்கு இன்னும் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கணுவ மண்ணுல வச்சு மூடி தண்ணி ஊத்துங்க. மேல நிழலுக்குத் துணி கட்டுங்க."

"பக்கத்து வீட்டுக்காரரு மருந்து தரேங்கிறாரே?"

"அத கிட்டயே சேர்க்காதீங்க! காத்துல ஒரு துளி இலையில பட்டாலும் பூசணி சுருண்டுடும். கொடி ஓரத்துல இருக்கிற களைய இழுக்காம, தரையோட தரையா வெட்டி விடுங்க. வேரு உள்ளயே கிடக்கட்டும். மறுபடி தழைச்சா மறுபடி வெட்டலாம்."

"வெட்டுறதா? இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"தொடாதீங்கன்னுல்ல சொன்னேன்!"

அவள் சொன்னபடி கணுவை மண்ணில் மூடித் தண்ணீர் ஊற்றி, நிழலுக்குத் துணியும் கட்டினார். பிறகு தன் கடையில் ஓரங்கட்டியிருந்த பழைய கத்தரிக்கோலை எடுத்துவந்து குந்தி உட்கார்ந்தார். இலையை ஒரு கையால் மெல்ல விலக்கி, மறு கையால் களையை ஒட்ட வெட்டினார். வெட்டிய இடங்களில் வெயில் படாதபடி வைக்கோலைப் பரப்பினார். மறுநாள் மதியம் கிளைக்கொடியின் இலைகள் தொங்கிப்போயிருந்தன. சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். குடை விரித்ததுபோல் அத்தனை இலைகளும் நிமிர்ந்து நின்றன. அங்கேயே நின்று அவளுக்குப் போட்டோ அனுப்பிவிட்டு, அன்றைக்கு இரண்டு மடங்காகச் சாப்பிட்டார்.

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் கொல்லைக்குப் போனாள். காயைச் சுற்றி டேப் பிடித்துப் பார்த்தாள். போனபோது இருந்ததைவிட ஒரு சாண் கூடியிருந்தது. பாத்தியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நோட்டம் விட்டாள்.

"கடையிலகூட இவ்ளோ பொறுமையா வெட்ட மாட்டீங்களே!"

"இங்க யாரும் தலைய ஆட்டலையே" என்றபடி அவர் பையை வாங்கிக்கொண்டார்.