பட்டியலில் ஏழாம் வீடு

தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில் தொழிலாளர் குடியிருக்கும் பன்னிரண்டு வீடுகள். அவற்றை இடிக்கப்போவதில்லை என்று தோட்டத்தை வாங்கிய புதிய கம்பெனி எழுத்து மூலமாகவே சொல்லியிருந்தது. இடிப்பதெல்லாம் பழைய காலத்து வேலையாம். வரப்போவது பசுமை ரிசார்ட். அதனால் இங்கே வீட்டைப் 'பிரிப்பார்கள்'. ஆணி ஆணியாகப் பிடுங்கி, பலகை பலகையாகக் கழற்றி, திரும்ப உதவுகிறதையெல்லாம் அதே இடத்தில் எழும்பப்போகிற கட்டடத்தில் பொருத்துவார்கள். தலைக்கு மேல் கூரை போகிறவனுக்கு இடித்தால் என்ன, பிரித்தால் என்ன? ஆனால் லயத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பிரெட்ரிக் கேட்டிருக்கலாம். அவன் அந்த லயத்திலேயே பிறந்தவன், இப்போது அந்தக் கட்டட வேலையிலேயே சூப்பர்வைசர். கட்டுமானக் கழிவு முழுவதும் அவன் பொறுப்பு. இரும்பு ஒரு தொட்டியில், மரம் ஒரு தொட்டியில், சிமெண்டுப் பை தனியாக. மாற்றிப் போடுகிறவன் பங்களாதேஷியோ இந்தோனேசியனோ, அவனிடம் நின்று பாட்டு வாங்காமல் போக முடியாது. சம்பளத்துக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது. மலையை வழித்து, மண்ணையும் உடைந்த கல்லையும் ஓடையோரம் தள்ளிவிட்டுப் போன கம்பெனிகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஒரு மழை பெய்தால் ஆறு, ஆற்றிய பால் டீபோல, தே தாரிக் நிறத்தில் ஓடும். நாமாவது ஒழுங்காகக் கட்டுவோம் என்று மனதார நம்பினான். அவன் நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏழாம் வீடு அவனுடைய சின்னம்மா ஆரோக்கியம்மாளின் வீடு. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். அவள் புருஷன் டொமினிக்குக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. லயத்தைக் காலி செய்கிறவர்களுக்குக் கம்பெனி ரிங்லெட் பக்கம் அடுக்குமாடியில் இடம் பார்த்துக் கொடுத்தது. இவர்களுக்கு விழுந்தது நான்காம் மாடி. லிப்டு கிடையாது. கீழ்த்தளம் கேட்டு ஆரோக்கியம்மாள் மூன்று மாதம் நடையாய் நடந்தாள். போன இடமெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பார்க்கலாம் என்றார்கள்.

கடைசியில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற சீன முதலாளி ஒருவர் இரக்கப்பட்டார். தோட்டத்தின் ஓரம் கொஞ்சம் இடம் தருகிறேன், தக்காளி தரம் பிரிக்கிற வேலையும் தருகிறேன், பலகையும் தகரமும் நீங்களே கொண்டுவந்து குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆரோக்கியம்மாளுக்கு மூச்சு வந்தது. பலகையும் தகரமும்தான் அவளிடம் இருந்தனவே.

தோட்டத்தில் யாரும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. லயம் கம்பெனிக்குச் சொந்தம்; குடியிருக்கிறவன் தன் கையால் பின்னால் இறக்கிய குசினி, அதாவது சமையல்கட்டு, அவனுக்குச் சொந்தம். வேறு தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் குசினியைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். துரை அதில் தலையிட்டதில்லை, கணக்கு எழுதுகிற கிராணி பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். டொமினிக் கைகால் நன்றாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து போட்ட குசினி அது. நல்ல மெரந்தி மரப் பலகை. ஒரு குசினி என்று சொல்கிறோமே தவிர, இரண்டு பேர் படுத்து எழுந்திருக்கத் தாராளமான இடம்.

வீடுகளைப் பிரிக்குமுன் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கவேண்டும். அந்த வேலை பிரெட்ரிக்கிடம் வந்தது. அளவுநாடாவும் கேமராவுமாக வீடு வீடாகப் போனான். புதிய கம்பெனிக்குத் தோட்டத்து வழக்கம் எங்கே தெரியப்போகிறது, நாளைக்கு எவனாவது வந்து இதெல்லாம் உன்னுடையதா என்று கேட்டால் சின்னம்மா எதைக் காட்டுவாள் என்று யோசித்தான். அதனால் ஏழாம் வீட்டை மற்ற வீடுகளைவிட இரண்டு மடங்கு கவனமாக எழுதினான். குசினிப் பலகை இத்தனை, தகரம் இத்தனை, கதவு ஒன்று, சன்னல் இரண்டு. குறிப்பு என்று போட்டிருந்த கடைசிக் கட்டத்தில், 'டொமினிக் சொந்தமாகப் போட்டது, 1998' என்று ஒவ்வொரு வரிக்கும் நேராக எழுதினான். அடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்த கட்டையைக்கூட விடவில்லை. எழுத்தைக் கண்டாலே பயந்து கைநாட்டு வைத்த சனத்தின் பிள்ளை. ஒரு தடவையாவது எழுத்து நம் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிட்டான்.

பட்டியல் கோலாலம்பூருக்குப் போனது. இரண்டு வாரத்தில் பச்சை ஸ்டிக்கர்களாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு எண். ஏழாம் வீட்டுக் குசினி முழுவதும் ரிசார்ட்டின் வரவேற்பறைச் சுவருக்கு என்று முடிவாகியிருந்தது. ஸ்டிக்கர்களை ஒட்டி முடித்ததும் பிரெட்ரிக் நேரே ஆபீசுக்குப் போனான்.

பசுமைச் சான்றிதழுக்கு ஆலோசகராக வந்திருந்தவள் யுவனேஸ்வரி. கெட்ட மனுஷி என்று அவளைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், ஒரு மரத்தைக் காப்பாற்ற எஞ்சினியரோடு நாள் முழுக்கச் சண்டை போட்டவள். பிரெட்ரிக் எழுதிய குறிப்புகளைப் படித்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். சுவரில் டொமினிக் பெயரைப் பித்தளைத் தகட்டில் போடப்போகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அவன் வழக்கத்தைச் சொன்னான். நான்காம் மாடியைச் சொன்னான், கோலா தெர்லாவைச் சொன்னான். அவள் முகம் மெல்ல வாடியது. கம்ப்யூட்டரைத் திறந்து ஏதேதோ தட்டிப் பார்த்தாள்.

“ரிப்போர்ட் மேல போயிருச்சு பிரெட்ரிக். லிஸ்ட்ல ஏறுன மெட்டீரியல் எல்லாம் இந்த புராஜெக்ட்டுக்குள்ளயே யூஸ் ஆகணும். ஒரு வீட்ட எடுத்தா திரும்ப யூஸ் பண்ற பர்சன்டேஜ் கீழ இறங்கிரும், சர்ட்டிபிகேட் போயிரும். எனக்கு மேல இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பார்க்கிறேன்லா, ஆனா...” என்றவள், சற்று நிறுத்தி, “லிஸ்ட்ல இல்லாததெல்லாம் அவங்க வீட்டுச் சாமான்தான். அத தாராளமா எடுத்துக்கலாம்” என்றாள்.

அன்று சாயங்காலம் பிரெட்ரிக் தன் பட்டியலைத் தானே எதிரியின் பட்டியலைப் போல வரி வரியாகத் துழாவினான். விட்டுப்போனது ஏதாவது இருக்காதா? ஒரு உத்தரம், நாலு தகரம், ஏதாவது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒன்றாம் வீட்டில்தான் ஓட்டை இருந்தது. அது கிரகரியின் வீடு. அவனுக்கும் பிரெட்ரிக்குக்கும் பந்து விளையாட்டுத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மழை வேறு பெய்ததால் இவன் வாசலோடு படம் எடுத்துவிட்டு, பின்பக்கம் போகாமலேயே திரும்பிவிட்டான். கிரகரி போன வாரம்தான் தன் குசினி முழுவதையும் கழற்றி, சீட்டியடித்துக்கொண்டே ஏற்றிப்போனான். ஆகாதவனுக்குச் செய்த அலட்சியம் அவனுக்கு வீடாகிவிட்டது. பாசத்தோடு செய்த வேலை வரவேற்பறைச் சுவராகிவிட்டது.

யுவனேஸ்வரி மேலே கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். அனுதாபத்தோடு மறுத்துப் பதில் வந்தது.

அவன் சின்னம்மாவிடம் சொல்லத்தான் போனான். இரண்டு நாள் போய், இரண்டு நாளும் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினான். மூன்றாம் நாள் காலையில் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் சாமான் ஏற்ற இரவல் கொடுத்த லோரி லயத்து வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் டொமினிக்கைத் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். ஆரோக்கியம்மாள் சுத்தியலும் கடப்பாரையுமாகப் பின்பக்கம் குசினிக்குப் போனாள்.

ஸ்டிக்கர்களை அவள் முன்பே பார்த்திருந்தாள். இவன் ஒட்டியது என்பதால் நல்லதுக்குத்தான் என்று இருந்துவிட்டாளாம். பிரெட்ரிக் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குக் கோபம் வரும், நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். அவள் குசினிச் சுவரில் கையை வைத்தபடி நின்றாள்.

“ஏன்டா பிரெடி, நீ இத எழுதாம விட்டிருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் அவனுக்குத் தெம்பில்லை.

“எழுதாம விட்டிருந்தா இது உங்க வீட்டுச் சாமான் சின்னம்மா. இன்னைக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். முதலாளி சனிக்கிழமைக்குள் வரச்சொல்லியிருக்கிறார், வேறு ஆளும் அந்த இடத்தைக் கேட்கிறான் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். லோரியில் டொமினிக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பிரெட்ரிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காட்டில் நாலு கம்பு வெட்டி நட்டுக்கொள்ளலாம், சுற்றிலும் பிளாஸ்டிக் சுற்றினால் இப்போதைக்குப் போதும் என்றாள் அவள். முடிவு செய்துவிட்ட குரல். காய்கறித் தோட்டக்காரர்கள் கூடாரத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் பிரிஞ்சாங்கில் கிடைக்கும் அல்லவா, எது வாங்குவது என்று அவனிடம்தான் கேட்டாள். கட்டட வேலையில் இருக்கிறவன், அவனுக்குத் தெரியாதா?

ஒரு வருஷமாக ஒரு பிளாஸ்டிக் பை கீழே கிடந்தால் பொறுக்கி எடுத்தவன் அவன். இந்த மலையில் புதிதாக ஒரு மரம் விழக்கூடாது என்றுதான் பழைய பலகைகளை எண்ணி எண்ணி எழுதினான். சின்னம்மாவுக்குக் கொடுக்க அவனிடம் இப்போது வேறொன்றும் இல்லை.

“மெலிசா வாங்கிடாதீங்க சின்னம்மா, ஒரு மாசத்துல காத்து கிழிச்சிரும்,” என்றான். “கறுப்புல கனமா ஒண்ணு இருக்கும், அதக் கேட்டு வாங்குங்க. சித்தப்பா படுக்கிற பக்கம் ரெண்டு மடிப்பா போடுங்க.”

சரி என்று சொல்லிவிட்டு அவள் லோரியில் ஏறினாள்.