பச்சைப் பால்

பிறந்து சில நாளே ஆன கன்றுக்கு வாளியில் பால் குடிக்கத் தெரியாது. மடியைத் தேடித் தலையை மேலே தூக்கும். பாலோ கீழே இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு விரல்களைப் பாலில் நனைத்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல மெல்ல வாளிக்குள் இறக்க வேண்டும். மூக்கு மூழ்காமல் உதடு மட்டும் பாலைத் தொடும்போது விரலை உருவிக்கொண்டால், கன்று தானாகவே உறிஞ்சும்.

அக்கா அப்படித்தான் பழக்கினாள். அவள் பசுவுக்கு மடிநோய். பால் திரிதிரியாக வந்தது. வரிசையாகக் காளைக்கன்றுகளே ஈன்ற பசுவுக்கு இப்போதுதான் ஒரு கிடேரி.

பக்கத்துத் தெருவிலிருந்து தங்கைதான் பால் கொண்டுவந்தாள். அவள் பசு எச்சில் வடித்துக்கொண்டு, குளம்பை உதறியபடி நின்றது. கோமாரி என்று பால் நிலையத்தில் அந்தப் பாலை வாங்கவில்லை.

"நாம குடிக்கிறத காய்ச்சிக்கலாம்க்கா. மிச்சத்த கன்னுக்கு ஊத்து. கீழ கொட்ட மனசு வரல."

"கன்னுக்கும் காய்ச்சணுமோ?"

"அப்படியே அதுக்குக் காபியும் போட்டுக் குடேன். எந்தக் கன்னு காய்ச்சின பால குடிச்சுது?"

இருவரும் சிரித்தார்கள். வீட்டுப் பால் பொங்கிப் பொங்கி அடங்கும்வரை அடுப்பில் இருந்தது. கன்றுக்குப் பச்சைப் பால்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் குடித்தது. பிறகு ஒரு காலையில், வாளியை நக்கி முடித்த கன்று முன்னங்கால் மடங்கி விழுந்தது, எழவில்லை. அக்கா அதன் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

மாட்டு டாக்டர் கன்றின் பக்கத்தில் குந்தினார்.

"பெரிய மாட்டுக்கு வாயிலயும் குளம்புலயும் புண்ணு வரும். பச்சக் கன்னுக்கு நேரா இதயத்துல போய் உக்காந்துடும்மா. வெளிய ஒண்ணும் தெரியாது. என்ன பால் குடுத்தீங்க?"

சொன்னாள்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "நல்லா கொதிக்க வச்சிருந்தா கிருமி செத்திருக்கும். இனி அந்த வீட்டு ஆளுங்கள உள்ள விடாதீங்க. செருப்புலகூட ஒட்டிக்கிட்டு வரும். தாய்ப் பசுவையாவது காப்பாத்தணும்."

சாயங்காலம் தங்கை தூக்குவாளியோடு வந்தாள்.

"அங்கயே நில்லு," என்றாள் அக்கா.

"என்னக்கா, சண்ட போட்ட சம்பந்திய நிறுத்துற மாதிரி வாசல்லயே நிறுத்துற?"

அக்கா ஒரு கையால் வாசலின் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். கன்று நாக்கின் சொரசொரப்பு விரல்களில் இன்னும் இருந்தது.

"நேத்து குடுத்தத முழுசா குடிச்சுதா?"

"குடிச்சுது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

"அதான் இன்னைக்குக் கூடக் கொண்டாந்தேன்." தங்கை தூக்குவாளியைக் கதவுக்கு மேல் நீட்டினாள்.

கொட்டிலில் தாய்ப் பசு அழைத்தது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் சற்று நிறுத்தி, மறுபடியும் அழைத்தது. தங்கையின் கை நீட்டியபடியே நின்றது; முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் மெல்ல இறங்கியது.

"அக்கா, கன்னு ஏன் குரல் குடுக்கல?"