ரைட்டர் எழுதாமல் விட்டது

வாழவந்திக்கு மேலே உள்ள காபி எஸ்டேட்டில் லூர்துராஜ் இருபத்தாறு வருடமாக ரைட்டர். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, பழம் எடை பார்ப்பது, ஆட்கள் சொல்லும் குறையை மேலே கொண்டுபோவது எல்லாம் அவர்தான். கொண்டுபோவார் என்றால் அப்படியே கொண்டுபோக மாட்டார், பதமாக்கித்தான் கொண்டுபோவார். "மழைக்கோட்டு கந்தலாப் போச்சுங்க" என்று பெண்கள் கத்தினால், முதலாளியிடம் போய்ச் சேரும்போது அது "கோட்டு கொஞ்சம் பழசுங்க" என்று ஆகியிருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்தடிக்கிற செபாஸ்டின் கையுறை கேட்டதை முதலாளியிடம் வார்த்தை மாறாமல் சொன்னார். மறுநாள் செபாஸ்டினுக்கு வேலை இல்லை. அன்று பட்ட சூடு லூர்துராஜுக்கு ஆறவே இல்லை. தன் வாயால் இன்னொருவர் பிழைப்பு போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

போன வருடம் முதலாளி கண்ணை மூடினார். மகள் அபிஷா பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்தாள். வந்ததும் லூர்துராஜ் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். ஆட்கள் சொல்லும் குறைகளை மாதாமாதம் அதில் நிரப்பித் தர வேண்டும்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதையே எழுதுங்க அங்கிள். எனக்குப் பிடிக்கணும்னு எழுதாதீங்க."

லூர்துராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

கார்த்திகையில் பறிப்பு தொடங்கியது. பழ மூட்டையோடு ஓடையைத் தாண்டுவதற்கு இரண்டு சில்வர் ஓக் கட்டைகளைப் போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்தக் கட்ட உளுத்துப்போச்சுங்க" என்றாள் கௌரி. பதினைந்து வருடமாகப் பழம் பறிக்கிறவள். "காலு வெச்சா நொறுக்குங்குது. மூட்டையத் தலைல வெச்சுக்கிட்டுத் தாண்டறதுக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க. கண்டிப்பா எழுதுங்க."

"எழுதறேன், போ."

எழுதத்தான் செய்தார். 'ஓடைப் பாலம் பரவாயில்லை. வசதிப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம்.'

எழுதிக் கொடுத்த பதினெட்டாம் நாள் கட்டை முறிந்தது. கௌரி மூட்டையோடு பாறைமேல் விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. இனி நடக்க வாய்ப்பில்லை என்று சேலத்தில் டாக்டர் சொல்லிவிட்டார்.

அபிஷா அன்றைக்கே வெல்டிங் ஆட்களை வரச் சொன்னாள். இரண்டே நாளில் கைப்பிடி வைத்த இரும்புப் பாலம் நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

"கௌரியக்கா இப்படித்தான் சொன்னாங்களா அங்கிள்?"

"இல்லீங்க மேடம்."

அவள் திட்டவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட லூர்துராஜுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் கௌரியின் கட்டிலருகே, கூடப் பறிக்கிற சாந்தி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரைட்டரய்யாவ ஒண்ணும் நெனைக்காத சாந்தி" என்றாள் கௌரி. "அவரு எழுதித்தான் இருப்பாரு. நம்ம பேச்ச மேல இருக்கறவங்க காதுல போட்டுக்கவா போறாங்க?"

வாயை மூடிக்கொண்டு ஆரஞ்சை வைத்துவிட்டு அவர் திரும்பியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு மலை ஏற அவரால் முடியாது.

"நீ சொன்னத நான் எழுதல கௌரி. பரவாயில்லைன்னு எழுதிட்டேன். உனக்கு வேல போயிரும்னு பயந்துட்டேன்."

கௌரி அவரை நேராகப் பார்த்தாள்.

"எழுதியிருந்தா மாத்தியிருப்பாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட மனம் தவித்தது. சொன்னால் இரண்டு பேருக்குமே ஆறுதல்.

"மாத்தியிருப்பாங்க. ரெண்டே நாள்ல."

சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌரி அழவில்லை. கோபப்படவும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிற குரலில்தான் கேட்டாள்.

"அப்ப இந்தப் பதினஞ்சு வருசமா நாங்க உங்ககிட்டச் சொன்னது எதுவுமே மேல போகலீங்களா?"