நகத்தோரக் கறுப்பு

ரத்னாவுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது மேல் ஈறில், முன் பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஒரு சதை முளைத்தது. முதலில் நெல்மணி அளவுதான். பல் விளக்கும்போது ரத்தம் வரும், கொப்பளித்தால் நின்றுவிடும் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்தே நாளில் அது களாப்பழம் போலச் சிவந்து உருண்டு, உதட்டை மூடினாலும் வெளியே தெரிந்தது. சோற்றுப் பருக்கை பட்டாலே ரத்தம் கசிந்தது. கொல்லையில் அவள் துப்பிய சிவப்பு எச்சிலை மாமியார் கிளியம்மாள் பார்த்துவிட்டாள்.

"இது புத்துதான். எங்க பெரியம்மாவுக்கு நாக்குல இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள் கிளியம்மாள். அன்றைக்கே ரத்னாவின் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெஞ்சின் ஓரத்தில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வடக்குப்பட்டில் எந்தச் செய்தியும் ஒரு வீட்டோடு நிற்காது.

அவள் புருஷன் யாக்கோபு ரோடு போடும் கேங்கில் இருந்தான். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் தார் காய்ச்சி ஊற்றுவது அவன் வேலை. அதிகம் பேசமாட்டான். அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன், மறுநாள் வேலைக்குப் போகாமல் ரத்னாவைப் பஸ்ஸில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூரில் கண்ணப்பன் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

கண்ணப்பன் டாக்டருக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். அவர் மரக்கரண்டியால் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். சதையை மெல்ல அழுத்தினார். எத்தனை மாதம் என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"பயப்படாதீங்க. இது புத்து இல்லை. கர்ப்பமா இருக்கிறப்போ சிலருக்கு ஈறுல வரும். உள்ள பூராவும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்தான், கொத்தா வளர்ந்துடுது. அதான் தொட்டாலே ரத்தம். குழந்தை பிறந்ததும் தானா வத்திடும்."

"வத்தலன்னா டாக்டர்?" என்றான் யாக்கோபு.

"வெட்டிடலாம்."

பெண் குழந்தை பிறந்தது. எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் சொன்னது போலவே சதை வற்றியது. மிளகு அளவுக்கு மிஞ்சியிருந்ததை அவர் மரத்துப்போக ஊசி போட்டு நறுக்கி எடுத்தார். எடுத்ததை மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, யாக்கோபுவின் கையில் கொடுத்தார். மெட்ராஸில் இதைச் சோதித்துப் பார்ப்பார்கள், எதையும் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டக்கூடாது என்றார். யாக்கோபு அந்தப் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வந்த காகிதத்தை டாக்டர் படித்துச் சிரித்தார்.

"பயோஜெனிக் கிரானுலோமா. பேருதான் பெருசு. ஒண்ணுமில்லை, போங்க."

கிளியம்மாள் தனித் தட்டைக் கழுவி மற்றதோடு அடுக்கினாள். தான் சொன்னதைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை. ரத்னா அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். புத்து என்று பயந்தது ஒன்றுமில்லாமல் போனதில் அவளுக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. ஊரில் யாருக்காவது கட்டி, சதை என்றால் அவளே போய், "எனக்கும் வந்துச்சு, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வருவாள்.

எஸ்தருக்கு ஒன்றரை வயதானபோது யாக்கோபுவின் வலது கால் கட்டைவிரலில் ஜல்லிக் கல் தெறித்து விழுந்தது. நகம் கன்றிப் போயிற்று. கேங்க்காரர்களுக்கு அது தினப்படி சங்கதி. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, டயர் செருப்பு மாட்டிக்கொண்டு வேலை பார்த்தான். வலி போயிற்று, நகம் மட்டும் ஆறவில்லை. நாலு மாதத்தில் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடியிலிருந்து சிவப்பாக, ஈரமாக ஒரு சதை எட்டிப் பார்த்தது. சாக்கு உரசினால் ரத்தம் வந்தது.

ரத்னா அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "இது என்னுதுதான்யா. எனக்கு வாயில வந்துச்சே, அதேதான். இதே செவப்பு, இதே ரத்தம்" என்றாள். அவள் குரலில் கவலையே இல்லை. யாக்கோபுவுக்கும் அதைக் கேட்டதும் முகம் தெளிந்தது.

கண்ணப்பன் டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். அடி பட்டதா என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். ஜல்லி வுழுந்துச்சு. நாலு மாசம் ஆவுது."

"அடி பட்ட இடத்துல இப்படி வர்றது உண்டு. உங்க வீட்டம்மாவுக்கு வந்ததோட அண்ணன் தம்பிதான் இது." ஊசி போட்டு, சதையைச் சுரண்டி எடுத்து, அடியில் மருந்துக் குச்சியை வைத்துச் சுட்டார். எனாமல் கிண்ணத்தில் கிடந்த சதைத் துண்டைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்துடலாமா? எதுக்கும் ஒரு தடவை."

ரத்னாதான் பதில் சொன்னாள்.

"எதுக்கு டாக்டர்? எனக்கு அனுப்பினீங்க, ஒண்ணுமில்லன்னுதானே வந்துச்சு. அந்த மூணு வாரமும் இவரு சோறு தண்ணியில்லாம கெடந்தாரு. அதேதான்னு நீங்களே சொல்றீங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். யாக்கோபு மேஜையில் படுத்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி" என்றார் டாக்டர். கம்பவுண்டர் கிண்ணத்தை எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தார்.

மூன்றாவது வாரம் சதை மறுபடி வந்தது. டாக்டர் மறுபடி சுட்டார். இந்த மாதிரிச் சதை சில சமயம் திரும்பத் திரும்ப வரும் என்றார், அதுவும் உண்மைதான். அடுத்த முறை அது நகத்தையே தள்ளிவிட்டு விரல் நுனி முழுக்கப் பரவியிருந்தது. அன்றைக்கு அவர் விரலோடு நிற்கவில்லை. யாக்கோபுவைப் படுக்கச் சொல்லித் தொடை இடுக்கை அழுத்திப் பார்த்தார். அங்கே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் தட்டியது. டாக்டர் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது பேனாவை இரண்டு முறை கீழே வைத்தார்.

மெட்ராஸில் ஒரு லேடி டாக்டர் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கடிதத்தைப் படித்துவிட்டு, "முதல்ல எடுத்த துண்டை எங்க அனுப்பினாங்க?" என்று கேட்டாள்.

"அனுப்பல" என்றாள் ரத்னா.

"ஏன்?"

"அவரு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

லேடி டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து யாக்கோபுவின் விரலை, நகம் இருந்த இடத்தைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தாள். வருஷக்கணக்காகத் தோலில் ஊறியிருந்த தார் கரைந்து பஞ்சு கறுத்தது. பஞ்சு மாற்றி மாற்றித் துடைத்தாள். கடைசியில் விரல் சுத்தமாயிற்று. ஆனால் நகத்தோரத்துத் தோலில், மைக்கறை போல ஒரு கறுப்பு மட்டும் போகாமல் நின்றது.

"இந்தக் கறுப்பு எப்போலேர்ந்து இருக்கு? கல்லு விழறதுக்கு முன்னாடியே இருந்ததா?"

யாக்கோபு விழித்தான். ரத்னாவுக்குத் தெரியும். எஸ்தர் குப்புற விழப் பழகிய காலத்திலேயே அது இருந்தது. வேலை விட்டு வந்ததும் அவன் காலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவது அவள்தான். மற்ற விரல்களில் தார் போய்விடும். அந்த ஒரு நகத்தோரத்தில் மட்டும் போகாது. நார் வைத்துத் தேய்ப்பாள், கல் வைத்துத் தேய்ப்பாள். ஒருநாள் தோல் உரிந்து அவன் காலை இழுத்துக்கொண்டான். தார் நன்றாக ஏறிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

"ஒண்ணர வருசமா கீது டாக்டர். தாருன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

"இது தார் இல்லைம்மா."

துண்டு எடுத்துச் சோதித்து முடிவு வந்த அன்று லேடி டாக்டர் ரத்னாவை மட்டும் அறைக்கு வெளியே அழைத்துச் சொன்னாள். தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுவில் வருகிற புற்று இது. கறுப்பாகத்தான் இருக்கும். சில சமயம் நிறமே இல்லாமல் சிவப்புச் சதையாக வளரும். அப்போது கண்ணுக்கு அந்தச் சாதாரணச் சதை போலவேதான் இருக்கும், அனுபவம் உள்ளவர்களும் ஏமாந்து போவார்கள். வெட்டிச் சோதித்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

"அன்னிக்கே அனுப்பியிருந்தா?" என்றாள் ரத்னா.

"உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

பிழைத்திருப்பான் என்று சொல்லியிருந்தால் அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். எப்படியும் செத்திருப்பான் என்று சொல்லியிருந்தால் விதி என்று விட்டிருப்பாள். ஒரு வாய்ப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கட்டைவிரலை எடுத்தார்கள். தொடை இடுக்கில் இருந்த கட்டிகளையும் அள்ளி எடுத்தார்கள். கால் வீங்கித் தூண் மாதிரி ஆயிற்று. ஊன்றுகோலோடு வடக்குப்பட்டுக்கு வந்தவனுக்கு நாலாம் மாதம் முழங்காலுக்குக் கீழே தோலில் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பின. பிறகு இருமல் வந்தது. மறுபடி மெட்ராஸ் போனபோது நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கண்ணப்பன் டாக்டர் ஒன்றுவிட்டு ஒருநாள் வடக்குப்பட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். கொடுத்த தண்ணீரை வாங்கி வைப்பார், குடிக்கமாட்டார். ஒருநாள் வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "நான் உங்களைக் கேட்டிருக்கவே கூடாதும்மா. நானே அனுப்பியிருக்கணும்" என்றார்.

"நீங்க கேட்டீங்க டாக்டர். நான்தான் வேணாம்னேன்."

"அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேசியதால் இரண்டு பேருக்கும் பாரம் குறைந்த மாதிரி இல்லை. அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

யாக்கோபு ஒருமுறை தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான். அன்று வலி கொஞ்சம் தணிந்திருந்தது. எஸ்தர் அவன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னப்போ எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. அந்த பாட்டில மடியில கட்டிக்கினு இன்னொரு தபா பஸ்ஸுல போவணுமேன்னு பயந்துக்கினு கெடந்தேன். அதான் சும்மா இருந்தேன்."

ரத்னா அவன் காலை எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் முதல்முறையாக ஒரு மூச்சு ஒழுங்காக விட்டாள்.

ஆனால் அடுத்த வாரம் டாக்டர் வர ஒருநாள் தாமதமாயிற்று. ஊசி இல்லாமல் பகல் முழுக்க யாக்கோபு பாயில் புரண்டான். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரைத் தள்ளிவிட்டான்.

"நீ அன்னிக்கு வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்றான்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த கிளியம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்பை ஊதினாள். ரத்னா கொட்டிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். இரண்டில் எது அவன் மனசு என்று அவள் கேட்கவில்லை. கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று பதினோரு நாள் இருந்தாள். பதினோராம் நாள் காலையில் அவன் இறந்துபோனான்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கேங்க்காரர்கள் எல்லாரும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். பெட்டியை அவர்கள்தான் சுமந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லும்போது ரத்னா தலை குனிந்தே நின்றாள். குனிந்த கண்ணுக்குக் குழியைச் சுற்றி நின்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. முப்பது நாற்பது கால்கள், எல்லாம் தார் அப்பிக் கறுத்திருந்தன. எந்த நகத்தோரத்தில் எது தார், எது தார் இல்லை என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மண் போடச் சொல்லி யாரோ தோளைத் தொட்டபோதும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

மண் போட்டு முடிந்து எல்லாரும் கலைந்தபோது, யாக்கோபுவோடு பத்து வருஷம் வேலை செய்த தசரதன் வந்து கும்பிட்டான். அவன் இடது கால் சுண்டுவிரலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"இன்னா அது காலுல?" என்றாள் ரத்னா.

"ஒண்ணுமில்லக்கா. கல்லு பட்டுச்சு."

"அவுத்துக் காட்டு."

"அய்ய, இந்த நேரத்துல இன்னாக்கா அது."

"டாக்டராண்ட போ. துண்டு எடுத்து மெட்ராசுக்கு அனுப்பச் சொல்லு. இன்னிக்கே போ."

அவள் குனிந்து அவன் காலைத் தொடப் போனாள். தசரதன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ரத்னாவைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள், கூட்டிப் போங்கள் என்று ஒருத்தி சொன்னாள்.

"போறேன்க்கா, கண்டிப்பா போறேன்" என்றான் தசரதன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வேலியோரம் கழற்றிப் போட்டிருந்த டயர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையில் காத்திருந்த ஜல்லி லாரியைப் பார்த்து நொண்டி நொண்டிப் போனான்.