முதல் பதினைந்து பாகை

1

வலது தோளா, இடது தோளா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. இது அனார்குல் சொன்னது. நரின் நகரில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தோம். மருத்துவ மாணவர்களுக்கு அவள் தசைகளைப் பற்றிப் பாடம் எடுத்தாள். ஒரே ஒருமுறைதான் சொன்னாள். திரும்பக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

(வலது என்றே வைக்கிறேன். இடது என்றால் விருந்தில் அவள் கண்ணில் எதுவும் பட்டிருக்காது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அவள் தம்பி கெஞ்செபெக்கின் தோள்கள் மலைபோல—"

விட்டுவிட்டேன். மலைபோல இருப்பது மேலே கவிந்த பெரிய தசை மட்டும். ஊர் பார்ப்பதும் அதைத்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது முதல் பதினைந்து பாகையைத் தொடங்கி வைப்பது அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தசை. கை எலும்பைத் தோள்குழியில் இழுத்துப் பிடித்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அது அறுந்துபோனவன் உடம்பைச் சாய்த்துக் கையை வீசினால் போதும். மிச்சத்தைப் பெரிய தசை பார்த்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது.

3

கோக்போரு இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் மதிய விருந்து. குதிரைமேல் இருந்தபடியே குனிந்து, தரையில் கிடக்கும் ஆட்டு உடலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. கெஞ்செபெக் அணித் தலைவன். பக்கத்தில் இருந்த பெரியவர் அவனுக்குரிய எலும்புக் கறியை நீட்டினார். இடக்கையால் வாங்கினால் மரியாதை இல்லை. அவன் சிரித்தபடியே வலப்பக்கம் சாய்ந்து, கையை வீசி வாங்கினான்.

"என்னடா, இன்னும் குடிக்கவே இல்ல, அதுக்குள்ள சாயுற?" என்றார் பயிற்சியாளர் தோக்தோசுன். எல்லாரும் சிரித்தார்கள். அனார்குல் சிரிக்கவில்லை.

குதிரை கட்டுமிடத்துக்கு அவனைக் கூட்டிப் போனாள்.

"சாயாம தூக்கு, பார்க்கலாம்."

"நான் உன் மாணவன் இல்லக்கா."

"தூக்குடா."

கை தொடையை விட்டு அசையவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. அப்புறம் உன் டாக்டருங்க வெட்டட்டும், தைக்கட்டும். இப்ப நீ வாயைத் தொறந்தா, அக்கா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சவன்னு சாகுற வரைக்கும் சொல்வானுங்க."

தோக்தோசுன் வந்தார். "டாக்டரம்மா, உங்க தம்பி தோள் எப்படி?"

[இங்கே அவள் மனத்தில் ஓடியதை மூன்று பக்கம் எழுதினேன். அவள் அதைச் சொல்லவே இல்லை. கிழித்துவிட்டேன்.]

"நல்லா இருக்கு," என்றாள்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தம்பி மூன்று ஆண்டுகள் அவளோடு பேசுவதில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் மட்டும் குடிக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த முடிவு அது. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை, ஏனென்றால்

5

நடந்தது இது. தூக்கிய ஆட்டை எதிரணிக்காரன் பிடித்து இழுத்தபோது எலும்பு குழியை விட்டு நழுவியது. கெஞ்செபெக் குதிரைகளின் கால்களுக்கு நடுவே விழுந்தான். மறுநாள் காலை இறந்தான். தோக்தோசுன் பயிற்சி தருவதை நிறுத்திவிட்டார். சந்தையில் சேணம் விற்கிறார். அனார்குல் அதே கல்லூரியில்தான் இருக்கிறாள். காலின் தசைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். தோளை வேறொருவர் எடுக்கிறார்.